நாற்பதும் ஐம்பதும்: ஓர் அஞ்சலி

ரயில் பயணத்தில் மூத்த குடிமக்களுக்கு வழங்கப்பட்டுவந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் 20ஆம் தேதியோடு நம்மைவிட்டுப் பிரிந்தது. 60 வயது நிறைந்த ஆண்களுக்கு அடிப்படைக் கட்டணத்தில் 40 விழுக்காடும், 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் தள்ளிக்கொடுத்து, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற எத்தனையோ தம்பதியரைத் திண்ணையிலிருந்து எழுப்பி ரயிலேற்றிவிட்ட அந்தப் பெரிய மனசுக்காரச் சலுகை, தொற்றுக்காலத்தில் முதியவர்கள் அவசியமின்றிப் பயணம் செய்யக் கூடாது என்ற காரணத்துக்காக நிறுத்திவைக்கப்பட்டது. தொற்று ஓய்ந்தது, நின்றுபோன வண்டிகள் ஒவ்வொன்றாகப் பழைய எண்ணோடும் பழைய பெயரோடும் திரும்பிவந்தன, சலுகை மட்டும் வரவில்லை. போய்விட்டது என்று யாரும் முறையாக அறிவிக்காததால் நாமும் முறையாகத் துக்கம் அனுசரிக்கவில்லை. அடுத்த டிசம்பருக்குள் வந்துவிடும், அதற்கடுத்த டிசம்பருக்குள் வந்துவிடும் என்று பேசிப்பேசியே ஆண்டுகளைக் கழித்துவிட்டோம்.

டிசம்பரைச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அதிகம், அவர்களில் கிறிஸ்தவக் குடும்பத்தார் அதிகம், கணவனும் மனைவியுமாக இருவரும் ஆசிரியர்களாக இருந்து ஓய்வுபெற்ற வீடுகளும் அதிகம். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பார்கள். ஆண்டு முழுவதும் காலையில் பால், செய்தித்தாள், மருந்து மாத்திரை, மாலையில் மார்க்கெட் வரை ஒரு நடை, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று ஒரே தடத்தில் ஓடும் வாழ்க்கை டிசம்பர் பிறந்ததும் திசை மாறி விரியும். அந்த விரிவுக்குப் பின்னால் ஓசையில்லாமல் நின்றுகொண்டிருந்தது இந்தச் சலுகைதான்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருக்கும் சாரையும் டீச்சரையும் வைத்தே இதைச் சொல்கிறேன். அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு, டீச்சர் தொடக்கப் பள்ளி. பாளையங்கோட்டைக்காரர்கள் ஊசிக்கோபுரம் என்று அழைக்கும், 1826இல் எழும்பிய தூய திரித்துவப் பேராலயம் அவர்களுக்கு நடந்துபோகும் தூரம். டிசம்பரில் அங்கே கீத ஆராதனை முடிந்து, இரவில் பஜனைக் குழு தெருத்தெருவாகப் பாடிவந்து, 25ஆம் தேதி அதிகாலை ஆராதனைக்கு இருட்டோடு எழுந்து புதுத்துணி உடுத்திப் போய்த் திரும்பும்வரை அவர்கள் ஊரைவிட்டு அசையமாட்டார்கள். சொந்தக் கோயிலில் பண்டிகை ஆசரிக்காமல் பிள்ளைகள் வீட்டில் போய் உட்காருவதில் டீச்சருக்கு உடன்பாடு கிடையாது. 26ஆம் தேதி இரவில்தான் பயணம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிச் சுமார் 650 கிலோமீட்டர் போய், விடிந்தபின் எழும்பூரில் இறங்கி, மகன் வீட்டில் புத்தாண்டு வாட்ச் நைட் ஆராதனைவரை இருந்து, அங்கிருந்து சென்ட்ரலில் வண்டி பிடித்துப் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கி, பெங்களூரு–நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் பொங்கலுக்குமுன் ஊர் திரும்புவார்கள். போகிற வழியில் காட்பாடியில் இறங்கி வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கண்ணையோ மூட்டையோ காட்டிக்கொள்வதும் சில ஆண்டுகளில் சேர்ந்துகொள்ளும். இந்த மூன்று கட்டப் பயணத்தை அவர்கள் ஆண்டுதோறும் போனார்கள், சொந்தப் பென்ஷன் பணத்தில் போனார்கள்.

அதற்குமுன் டிசம்பரின் நடுவில் சின்னச் சின்னப் போக்குவரத்துகள் இருக்கும். நாகர்கோவிலில் டீச்சரின் அக்கா வீட்டுக்கு ஒருநாள் போய் முந்திரிக்கொத்து சுட உதவிவிட்டு ஒரு தூக்குவாளி நிறைய வாங்கிவருவது, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளுக்கு மக்ரூன் வாங்கி அது நொறுங்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்புவது, மெஞ்ஞானபுரத்தில் சாரின் பிறந்த ஊர்க் கோயிலையும் அதன் உயர்ந்த கோபுரத்தையும் ஒருதடவை பார்த்துவிட்டு வருவது. இவற்றில் ரயிலில் போனவற்றுக்குச் செலவு சொற்பம், சலுகையால் மிச்சமானதும் சொற்பம். ஆனாலும் டிக்கெட் கொடுக்குமிடத்தில் தங்களுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது என்ற நினைப்பு அவர்களைக் கொஞ்சம் நிமிர்த்தி நிறுத்தியது.

சலுகையின் இளமைக்காலத்தைப் பற்றி அதிகம் பேசுவோர் இல்லை. ஆண்களுக்கு 30 விழுக்காடு என்ற அளவில் அது வெகுநாள் இருந்தது. 2011–12ஆம் ஆண்டுக்கான ரயில்வே நிதிநிலை அறிக்கையில் அன்றைய அமைச்சர் மம்தா பானர்ஜி அதை 40 ஆக உயர்த்தினார். பெண்களுக்கான வயது வரம்பையும் 60இலிருந்து 58ஆகக் குறைத்தார். அந்த அறிவிப்புக்குப் பிறகு அது தன் முழு வளர்ச்சியை எட்டியது. கணவனுக்கு நூற்றுக்கு அறுபது, மனைவிக்கு நூற்றுக்கு ஐம்பது, ஆக இருநூறு ரூபாய்ப் பயணம் நூற்றுப் பத்து ரூபாய்க்குள் அடங்கியது. முன்பதிவுக் கட்டணம், அதிவேக வண்டிக்கான கூடுதல் கட்டணம் போன்றவை இதில் சேரா என்றாலும், ஏறக்குறைய ஒருவர் காசில் இருவர் போனார்கள். எந்த வகுப்பு என்று அது பேதம் பார்க்கவில்லை. தூங்கும் வசதிப் பெட்டியில் ஏறியவருக்கும் ஏசி பெட்டியில் ஏறியவருக்கும் அதே விழுக்காடு. வருமானச் சான்று கேட்டதில்லை, குடும்ப அட்டையின் நிறம் கேட்டதில்லை. வயதுக்கான அத்தாட்சி ஒன்றைப் பயணத்தின்போது கையில் வைத்திருந்தால் போதும்.

கேட்டுப் பெறவேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முன்பதிவுப் படிவத்தின் மேற்பகுதியில், பயணி மருத்துவரா என்று விசாரிக்கும் கட்டத்தை அடுத்து, மூத்த குடிமக்கள் சலுகை வேண்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதவேண்டும். 120 நாள் முன்பதிவு நடைமுறையில் இருந்த ஆண்டுகளில் டிசம்பர் 26ஆம் தேதிக்கான டிக்கெட் ஆகஸ்ட் 28ஆம் தேதி காலை எட்டு மணிக்குத் திறக்கும் என்பதால், சார் முந்தின நாளே ஜங்ஷனுக்குப் போய்ப் படிவங்களை வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, கறுப்பு மைப் பேனாவால் பெரிய எழுத்தில் நிரப்புவார். பெயர், பால், வயது. டீச்சர் பக்கத்தில் நின்று வயதைச் சரிபார்ப்பார். கடைசியாக அந்தக் கட்டத்துக்கு வந்ததும் சார் பேனாவை ஒருகணம் நிறுத்தி, பிறகு ஆம் என்று எழுதுவார். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளின் விடைத்தாளில் மதிப்பெண் போட்ட கை அது. அந்த ஒரு சொல்லை அதே நிதானத்தோடு எழுதும். மறுநாள் விடியுமுன்னே போய் வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "ரெண்டு பேருக்கும் சீனியர் போட்டிருக்கேன் சார், லோயரும் கிடைச்சிருக்கு" என்று எழுத்தர் சொல்லக் கேட்டுத் திரும்பும்போதுதான் எங்கள் தெருவில் அந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் தொடங்கும். பண்டிகைக்கு நான்கு மாதம் இருக்கும். அதனால் என்ன, மகனுக்கும் மகளுக்கும் அன்று மாலையே தொலைபேசியில் தேதிகள் போய்விடும்: இந்த நாள் வருகிறோம், இந்த நாள் கிளம்புகிறோம்.

வருகிறோம் என்று அவர்கள் சொன்ன விதத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் இந்தச் சலுகை செய்த பெருந்தொண்டு அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது என்பது என் எண்ணம். வயதான பெற்றோர் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதில் நம்மூரில் எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. போவதற்கான செலவைப் பிள்ளை ஏற்றால் அந்தக் கூச்சம் இரட்டிப்பாகிறது. போகும் தேதியும் தங்கும் நாட்களும் டிக்கெட் எடுத்தவன் கைக்குப் போய்விடுகின்றன. தானே டிக்கெட் எடுத்துக்கொண்டு, பை நிறையப் பண்டத்தோடு, பேரப்பிள்ளைகளுக்குக் கவரில் போட்ட கிறிஸ்துமஸ் காசோடு எழும்பூரில் இறங்குகிற தகப்பன் கொடுக்கிறவனாக இறங்குகிறான். சார் அப்படித்தான் இறங்கினார். முந்திரிக்கொத்துத் தூக்கு ஒரு கையில், அல்வாப் பொட்டலம் இன்னொரு கையில், முகத்தில் இரவு முழுக்கத் தூங்காத களைப்பும் அதைக் காட்டிக்கொள்ளாத பெருமிதமும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ரயில்வே அவருக்குத் தள்ளிக்கொடுத்தது சில நூறு ரூபாய்கள். அந்தச் சில நூறு ரூபாய்தான் இரண்டு நகரத்துப் பயணத்தை அவர்கள் பென்ஷனுக்குள் அடக்கியது.

சென்னையில் இருக்கும் நாட்களிலும் அவர்கள் வீட்டோடு கிடந்தவர்கள் அல்லர். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் இருவரும் கிளம்பி, ஆண்டுக்கொரு பழைய கோயிலைப் பார்த்துவருவார்கள். கோட்டைக்குள் 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தூய மரியாள் ஆலயத்தில் தரையிலும் சுவரிலும் உள்ள பழைய கல்வெட்டுகளை டீச்சர் எழுத்துக்கூட்டிப் படிப்பார். எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து அதிக தூரமில்லாத, 1821இல் திறக்கப்பட்ட கிர்க் தேவாலயத்தின் வட்டக் கூரைக்குக் கீழே நின்று சார் அதன் விட்டத்தை மனத்துக்குள் அளப்பார். பிறகு கடற்கரை, சுண்டல், வீடு. இந்தச் சுற்றுலாக்களை அவர்கள் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஊர் திரும்பியபின் கோயில் வாசலில் பேச்சுவாக்கில் வரும், அவ்வளவே.

சலுகைக்கு நோய் கண்டது சில ஆண்டுகள் முன்னதாகவே என்று இப்போது நினைக்கத் தோன்றுகிறது. பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காட்டையே ரயில்வே வசூலிக்கிறது என்ற வாசகம் டிக்கெட்டிலேயே அச்சாகி வரத் தொடங்கியது. அடுத்து, விரும்புகிறவர்கள் சலுகையைப் பாதியாகவோ முழுதாகவோ விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சாருக்கு அது மனதில் தைத்தது. நாட்டுக்காக விடலாம் என்பது அவர் பக்கம். "நாம விட்டுக்கொடுத்தா அது யாருக்குப் போய்ச் சேரும்னு சொல்லுங்க, விட்டுருவோம்" என்பது டீச்சர் பக்கம். ஒரு டிசம்பரில் சார் தன் பங்கில் பாதியை விட்டுக்கொடுத்தார். டீச்சர் தன்னுடையதை விடவில்லை. இருவரும் அவரவர் மனச்சாட்சிப்படி நடந்தார்கள் என்றே நினைக்கிறேன். 2019–20ஆம் ஆண்டில் இந்தச் சலுகைக்காக ரயில்வே விட்டுக்கொடுத்த வருவாய் சுமார் 1,667 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அது அதன் கடைசி முழு ஆண்டு. 2019 டிசம்பரில் சாரும் டீச்சரும் போன பயணமும் அந்தத் தொகையின் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது. அதுவே அவர்களுடைய கடைசிச் சலுகைப் பயணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இறுதி நாட்கள் வேகமாக வந்தன. மார்ச் 20இல் சலுகை நின்றது, அதற்கடுத்த சில நாட்களில் பயணிகள் ரயில்களே நின்றன. அந்த ஆண்டு டிசம்பரில் ஊசிக்கோபுரத்தில் முகக்கவசத்தோடு இடைவெளிவிட்டு உட்கார்ந்தவர்களில் எங்கும் போக முடியாதவர்களே அதிகம், ஆகவே சலுகை இல்லாதது உறுத்தவில்லை. மறு ஆண்டு உறுத்தியது. 2022இல் நாடாளுமன்றத்தின் ரயில்வே நிலைக்குழு, தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசி வகுப்பிலுமாவது சலுகையைத் திருப்பித் தரலாம் என்று பரிந்துரைத்தபோது எங்கள் தெருவில் அந்தச் செய்தித்தாள் கைமாறிக் கைமாறிக் கசங்கியது. சலுகையை மீட்கக் கோரிய மனுவை 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நூறு ரூபாய் செலவாகும் பயணத்துக்கு ஒவ்வொரு பயணியிடமும் 54 ரூபாய்தான் வாங்குகிறோம், ஆகவே எல்லோருக்குமே 46 விழுக்காடு சலுகை இருக்கிறது என்று அரசுத் தரப்பு விளக்கியது. அந்தக் கணக்கில் தவறு இருப்பதாகச் சார் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா. எல்லோருக்கும் கிடைப்பது தனக்கு மட்டும் கிடைத்ததற்கு ஈடாகாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, டீச்சருக்கு வந்தது.

சலுகை விட்டுச்சென்ற உறவுகள் சில இன்னும் இருக்கின்றன. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். மாற்றுத்திறனாளிகளில் சில வகையினருக்கும், குறிப்பிட்ட நோயாளிகளுக்கும், மாணவர்களுக்குமான கட்டணச் சலுகைகள் தொடர்கின்றன. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், டிசம்பரில் மார்க்கெட்டுக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிற பயணங்களில் டீச்சர் இலவசமாகவும் சார் காசு கொடுத்தும் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்து போகிறார்கள். 2023 செப்டம்பரில் திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் இடையே வந்தே பாரத் ஓடத் தொடங்கியது. சுமார் எட்டு மணி நேரத்தில் போய்ச் சேரும் அழகான வண்டி, இந்தச் சலுகையைக் கண்ணால் பார்க்காமலே பிறந்த பேரப்பிள்ளை.

சாரும் டீச்சரும் டிசம்பர்ப் பயணத்தை நிறுத்தவில்லை, சுருக்கிக்கொண்டார்கள். முதலில் போனது பெங்களூரு. பிறகு வேலூர், கண் பரிசோதனையைப் பாளையங்கோட்டையிலேயே வைத்துக்கொண்டார்கள். நாகர்கோவில் அக்காவுக்கும் வயதாகிவிட்டதால் முந்திரிக்கொத்து இப்போது வீட்டிலேயே, அளவு குறைத்துச் சுடப்படுகிறது. நடுவில் இரண்டு டிசம்பர்களில் மகன்தான் கைப்பேசியில் டிக்கெட் போட்டான். "நான் போட்டுட்டேன்ப்பா, நீங்க ரெண்டு பேரும் கிளம்பி வந்தாப் போதும்" என்று சொன்ன அவன் குரலில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அவன் நல்ல பிள்ளை. ஆனால் அந்த இரண்டு தடவையும் டீச்சர் டிக்கெட் தொகையைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொண்டு, அதே தொகையைப் பேத்தியின் கிறிஸ்துமஸ் கவரில் வழக்கமான காசோடு சேர்த்து வைத்துக் கொடுத்தார். மருமகள் அதைக் கண்டுபிடித்து வருத்தப்பட்டாள். வருத்தப்படும்படி எதுவும் செய்துவிடவில்லை என்று டீச்சர் சொன்னாலும் அன்று முழுக்க வீட்டில் பேச்சு குறைவாகத்தான் இருந்ததாம். ஐம்பது விழுக்காடு போன இடத்தில் இப்படியும் சில கணக்குகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைந்துவிட்டது. ஆகவே சென்ற டிசம்பருக்கான டிக்கெட் அக்டோபர் 27ஆம் தேதிதான் திறந்தது. அன்று சார் யாரிடமும் சொல்லாமல் விடியற்காலையில் எழுந்து, முழங்கால் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஜங்ஷனுக்குப் போய் வரிசையில் நின்றார். வரிசையில் பழைய முகங்கள் குறைவு. போக வர இருவருக்கும் முழுக் கட்டணம் எண்ணிக் கொடுத்துச் சென்னைக்கு டிக்கெட் வாங்கி, வீட்டுக்கு வந்து டீச்சரிடம் காட்டிவிட்டு, அதன் பிறகே மகனை அழைத்து, 26ஆம் தேதி இரவு கிளம்பி வருகிறோம் என்றார். அந்தச் செலவுக்காக அந்த ஆண்டு வெள்ளையடிப்பைத் தள்ளிப்போட்டார்கள். மகளுக்குப் பெங்களூரிலிருந்து வர விடுமுறை கிடைக்கவில்லை. அவளை அவர்கள் பார்த்தது பொங்கலுக்கும் பிறகு.